புரசைவாக்கம் டிராமும் ஓர் எலியும்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று டிராம் முதல் முறையாக முழுச் சுற்று ஓடியது. டிப்போவில் கிளம்பி, புரசைவாக்கம் நெடுஞ்சாலை வழியாகப் போய், கோயில் குளத்தைச் சுற்றி, மறுபடி டிப்போவுக்கே வந்து நின்றது. எங்கும் நிற்கவில்லை, கவிழவில்லை. இதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று பங்கஜத்தைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு சுற்று முழுவதையும் நின்று பார்த்தாள்.

"இது எங்கயும் போவாதா?" என்றாள்.

"போகுதே. டிப்போ, ஹைரோடு, குளம், அப்புறம் டிப்போ."

"சுத்திச் சுத்திப் புரசைவாக்கத்துக்கேதான் வருது. இதுக்கு எதுக்கு டிராம்? நடந்தே போயிடலாம்."

பேச்சு தானாகவே சாப்பாட்டு மேஜைக்குத் திரும்பியது. டிராம்வே முழுவதும் சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு பிளைவுட் பலகையில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற நாள் முதலாக நாங்கள் சோபாவில் உட்கார்ந்து மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். எனக்கு அது பழகிவிட்டது. பங்கஜத்தின் புடவைகளுக்குப் பழகவில்லை.

"நவராத்திரி வரைக்கும்தான் பொறுத்துப்பேன். கொலு எடுக்கறப்ப பொம்மையோட பொம்மையா இதுவும் பரணுக்குப் போயிடணும். தீபாவளிக்கு என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் கோயம்புத்தூர்லேர்ந்து வராங்க. அவரை மடியில தட்டு வெச்சு சாப்பிடச் சொல்ல முடியாது."

பரணின் வாய் எவ்வளவு சிறியது என்று அவளுக்குத் தெரியும். பலகையை நடுவில் அறுத்தால்தான் உள்ளே போகும். அறுத்தால் தண்டவாளம் போச்சு, தெருவுக்கு அடியில் ஓடும் ஒயர் எல்லாம் போச்சு. இதை எடுத்துச் சொன்னேன். ரம்பம் பால்கனியில்தான் இருக்கிறது என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

மாடி வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வந்தார். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். லிஃப்ட் பற்றிப் பேச வந்தவர் மேஜையைப் பார்த்துவிட்டு, "ஏன் சார் டிராம்? ரயில் விட்டா அழகா இருக்குமே" என்றார்.

எல்லோரும் இதையே கேட்கிறார்கள். ரயில் என்றால் மலை வேண்டும், குகை வேண்டும், பாலம் வேண்டும். டிராமுக்குத் தெரு போதும். மெட்ராஸில் கடைசி டிராம் நின்றபோது நான் பிறக்கவே இல்லை, அதனால் பழைய ஞாபகம் என்றெல்லாம் எதுவும் கிடையாது. தெருவோடு தெருவாக, மாட்டுக்கும் தள்ளுவண்டிக்கும் மணி அடித்து வழி கேட்டுக்கொண்டு போகிற வண்டி என்பதால் பிடித்திருக்கிறது. டீச்சரிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் லிஃப்ட் பேச்சுக்குப் போய்விட்டார்.

கட்டடங்கள் எல்லாம் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளால் ஆனவை. அந்த அட்டைக்கு ஈடு கிடையாது. டிப்போவின் உட்சுவரில் தங்க நிறப் பிள்ளையார் இருக்கிறார். வெளியில் தெரியாது, ஆனால் ஒரு தைரியம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விசித்திரம். காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது டிராமை டிப்போவில் விட்டேன். திரும்பி வந்தால் குளத்தங்கரையில் நிற்கிறது.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். கணக்குப் பிரிவு என்பதால் ஒயரைத் தொட்டதில்லை. ஆனாலும் அத்தனை வருடம் அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருந்தால் ஒரு ஞானம் வந்துவிடும். இது கசிவு மின்சாரம். பங்கஜத்திடம் விளக்கினேன். "இருக்கும்" என்றாள். பொதுவாக நான் சொல்லும் எதையும் அவள் இவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்வதில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

தண்டவாளத்தைத் துடைக்கலாம் என்று ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிராமுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகத்தான் வருகிறது. மேலே கட்டியிருக்கும் செம்புக்கம்பி அழகுக்கு. தூசி படிந்தால் வண்டி நின்றுவிடும். பார்த்தால், தண்டவாளம் ஏற்கெனவே பளபளவென்று இருக்கிறது. நல்ல உலோகம். கொடுத்த விலைக்கு மோசமில்லை.

இன்று நான் நடை போய்விட்டு வந்தபோது டிராம் நெடுஞ்சாலையில் நின்றது. கசிவு அதிகமாகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

கசிவு இல்லை, எலி. இப்போது ஐயமில்லை. நான் வாங்கி வர்ணம் பூசிய குட்டி மனிதர்களில் பச்சைப் புடவைக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவளை டிப்போ நிறுத்தத்தில், குடைக்காரருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். காலையில் போய்விட்டு வந்தால் பலகையின் கிழக்கு ஓரத்தில் தனியாக நிற்கிறாள். அங்கே நிறுத்தம் கிடையாது, தெருவும் கிடையாது. பலகையே முடிந்துவிடுகிறது. மின்சாரம் பெண்களைத் தூக்கிக்கொண்டு போகாது. எலிதான் வாயில் கவ்விக்கொண்டு போயிருக்க வேண்டும்.

பொறி வாங்கி வந்தேன். ஸ்பிரிங் வைத்த பழைய மாதிரிப் பொறி. அரை மசால் வடையை மாட்டி டிப்போவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

பொறி அடித்திருக்கிறது. எலி இல்லை. வடை அப்படியே இருக்கிறது. வடை வேண்டாம் என்கிற எலியை நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு சங்கடம். பங்கஜத்தின் ஆள்காட்டி விரலில் துணிக்கட்டு. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பாவக்கா நறுக்கறப்ப அருவாமனையில பட்டுடுச்சு."

கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலேயே, "வீட்டுக்குள்ள பொறி வெக்கறவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டு வெக்கணும்" என்றாள். எலிக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும் என்பதைப்போல் பேசினாள்.

மதியம் ரசமும் சுட்ட அப்பளமும். பாகற்காய் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. விரல் வலியில் இருப்பவளிடம் பாகற்காய்க் கணக்கு கேட்பது நாகரிகமில்லை. பொறியைக் காயலான் கடைக்காரரிடம் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

துணி மடிக்கும்போது பங்கஜம் பொதுவாகச் சொன்னாள்: "பீச்சுப் பக்கம் போயி எத்தினி வருஷமாச்சு." நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பச்சைப் புடவைக்காரி இன்றும் கிழக்கு ஓரத்தில்தான் நின்றாள்.

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் டிராம்வேயை நீட்டிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். தொழில்நுட்பக் காரணம். வெறும் வட்டமாகவே ஓடினால் சக்கரம் ஒரு பக்கமாகத் தேயும். குளத்தருகே ஒரு கிளைப் பாதை பிரித்து நேராகக் கிழக்கே விட வேண்டும். அங்கே ஒரு கடற்கரை நிறுத்தம் அமைக்கலாம். பரணுக்குப் போகப்போகிற டிராம்வேயை எதற்கு விரிவாக்குகிறாய் என்று என் மனமே கேட்டது. ஆபரேஷனுக்கு முதல் நாள் முடிவெட்டிக்கொள்வதில்லையா?

செப்டம்பர் 19, வெள்ளி

கடற்கரை முடிந்தது. கடலுக்குக் கண்ணாடி, மணலுக்கு வறுத்த ரவை. ரவை டப்பா காலியானதைப் பற்றி பங்கஜம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஆயத்தமாக வைத்திருந்த பதில் வீணாயிற்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. மாலையில் கொலுப் படி கட்டினோம். படிக்கட்டு போக ஹாலில் மிச்சமிருக்கும் ஒரே இடம் மேஜைதான். ஆகவே கொலுவுக்கு முன்னால் போடும் பூங்காவாக டிராம்வே அறிவிக்கப்பட்டது. அறிவித்தது பங்கஜம். எனக்கு அதில் மறுப்பில்லை. செட்டியார் பொம்மை விஷயத்தில்தான் தகராறு.

கொலு என்றால் மளிகைக் கடைச் செட்டியாரும் அவர் மனைவியும் வேண்டும். அவர்களை நெடுஞ்சாலையில், டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். செட்டியார் உட்கார்ந்த நிலையிலேயே மூன்று மாடிக் கட்டடத்தைவிட உயரம். மனது வைத்தால் டிராமை எடுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம்.

"அளவு ஒத்துவரலை, பங்கஜம்."

"எங்க அம்மா கொடுத்த செட்டியாரு. நாலு தலைமுறையா கடை போட்டிருக்காரு. உங்க தெருவுக்காக எழுந்து போவணுமா?"

நெடுஞ்சாலையை ஒரு சாண் தள்ளிப் போட்டேன். கட்டடத்தை இடிக்காமல் சாலையை நகர்த்துவதற்கு மாநகராட்சியில் வருடக்கணக்காகும். நான் அரை மணி நேரத்தில் முடித்தேன்.

செப்டம்பர் 24, புதன்

தினமும் மாலையில் பெண்கள் கூட்டம். பங்கஜம் குங்குமமும் சுண்டலும் கொடுக்கிறாள், நான் டிராம் ஓட்டுகிறேன். இத்தனை வருடமாக இந்தக் குடியிருப்பில் எனக்கு லிஃப்டில் தலையாட்டும் பழக்கம் மட்டும்தான். இப்போது எல்லோரும் என்னிடம் நின்று பேசுகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது என்று இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

பூங்காவுக்குப் புல்லாக முளைக்கப் போட்ட கேழ்வரகு நன்றாக வளர்ந்து தண்டவாளத்தின் மேல் சாய்ந்துவிட்டது. காலையில் கத்தரிக்கோலால் வெட்டினேன். டிராம்வேக்கு அறுவடை வேலையும் இருக்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

செப்டம்பர் 27, சனி

இன்று மானம் போகப் பார்த்தது. ஸ்டெல்லா டீச்சர் தன் பள்ளிக்கூட சிநேகிதிகளைக் கூட்டிவந்திருந்தார். டிராம் குளத்தங்கரை வளைவில் நின்றுவிட்டது. தட்டினேன், ஊதினேன். "சார், கரன்ட் ஆபீஸ்ல இருந்தவரு வீட்டுலயே கரன்ட் வரலையா" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

சமையலறையிலிருந்து பங்கஜத்தின் குரல்: "அந்த வளைவுக்கு முன்னாடியே கொஞ்சம் வேகத்தைக் கூட்டிடணுங்க. மெதுவா விட்டா அங்க நின்னுடும்."

கூட்டினேன். போயிற்று.

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். கேள்வி ஞானமாக இருக்கும். தாளிக்கும் சத்தத்துக்கு நடுவே அந்த வளைவில் நிற்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றும் யோசித்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

காலை நடையை நீட்டியிருக்கிறேன். பூங்காவை இன்னும் இரண்டு முறை சுற்றுகிறேன். டாக்டர் சொன்னதற்காக. டாக்டர் சொன்னது போன வருடம்.

வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் திரும்பி வரும்போது மணி அடித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நேற்று எதுவும் எழுதவில்லை. எழுத முடியாது, பேனாவும் இந்த நோட்டும் பூஜையில் இருந்தன.

சரஸ்வதி பூஜை விஷயத்தில் பங்கஜம் தளர்வே காட்டமாட்டாள். புத்தகம், பேனா, அரிவாள்மனை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. கல்யாணமான புதிதில், ஆபீஸ் அவசரம் என்று அன்றைக்கு ஒரு கையெழுத்துப் போட்டேன். அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். நேற்று காலை என் திருப்புளி, சால்டரிங் கருவி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கச் சொன்னாள். அடுக்கினேன். பிறகு டிராமை ஓட்டும் கன்ட்ரோலரைக் காட்டினாள்.

"அதுவுமா? சாயங்காலம் டீச்சர் சங்கத்துக்காரங்களை எல்லாம் கூட்டிட்டு வராங்களே."

"அது ஆயுதமா இல்லையா?"

ஆயுதம்தான். மேஜையை விட்டு எடுக்க ஒயர் இடம் கொடுக்காததால் இருந்த இடத்திலேயே பூஜை. கன்ட்ரோலரின் குமிழில் நானே பொட்டு வைத்தேன், நன்றாக வட்டமாக. டிராமை டிப்போவில் நிறுத்தி அதற்கு ஒரு முழம் கதம்பத்தில் கிள்ளிய துண்டைச் சாத்தினேன். மாலையில் எல்லோரும் வந்தார்கள். "இன்னிக்கு ஓடாதுங்க. அதுக்கும் லீவு" என்று பங்கஜம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத் துக்கமாக இருந்தது. இன்னும் மூன்று நாளில் பரண். சங்கம் முழுக்கப் பார்க்கிற ஒரே நாளில் வண்டி நிற்கிறது. தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். பெண்கள் போன பிறகு ஹாலில் ஏதோ உறுமல் கேட்டதுபோல் இருந்தது. மிக்ஸி என்று நினைத்தேன். மிக்ஸியும் பூஜையில்தான் இருந்தது என்பது அப்போது தோன்றவில்லை.

இன்று காலை குளித்துவிட்டுப் பூஜை பிரிக்கப் போனேன். டிராம் கடற்கரை நிறுத்தத்தில் நிற்கிறது. முன் இருக்கையில் பச்சைப் புடவைக்காரி. கதம்பத் துண்டு குளத்தங்கரையிலேயே உதிர்ந்து கிடக்கிறது. கன்ட்ரோலரின் குமிழில் நான் வைத்த வட்டப் பொட்டு நீளமாக இழுபட்டு ஒரு பக்கம் தீற்றலாக இருந்தது. அதற்குள் ஒரு விரலின் ரேகை.

எலிக்கு விரல் ரேகை கிடையாது.

இப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பதவி உயர்வு வந்த அன்றுகூட வந்ததில்லை. பேனாவைக்கூடத் தொடவிடாதவள், சரஸ்வதி பூஜை அன்றைக்கு, சாமிக்கு நேர் எதிரில், தொட்டிருக்கிறாள். பிறகு அவள் காப்பியோடு வருவதற்குள் துண்டால் குமிழைத் துடைத்தேன். டிராமை டிப்போவுக்கு நகர்த்திப் பூவை மறுபடி சாத்தினேன்.

"எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கா?" என்று கேட்டாள். முகம் கொலுவின் பக்கம் திரும்பியிருந்தது.

"அப்படியே இருக்கு" என்றேன்.

அக்டோபர் 4, சனி

கொலு எடுத்தோம். பொம்மைகளைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள், நான் ஏணியில் நின்று பரணில் அடுக்கினேன். செட்டியார் தம்பதி கடைசியாக ஏறினார்கள். பிறகு ஹாலில் மேஜை மட்டும் இருந்தது.

கெஞ்சக் கூடாது என்று நேற்றே தீர்மானித்திருந்தேன். கெஞ்சினால் அவள் மறுப்பாள். மறுத்துவிட்டால் அப்புறம் அவளாலேயே மாற்றிக்கொள்ள முடியாது. முப்பத்தேழு வருட அனுபவம். பால்கனிக்குப் போய் ரம்பத்தை எடுத்துவந்தேன். பலகையின் நடுவில், குளத்துக்கு மேலே, பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கோடு கோணலாக விழுந்தது. அது நடிப்பில்லை.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அவசரம் என்ன இப்ப?"

"நீதானே சொன்ன. கொலுவோட பரணுக்குன்னு."

"சொன்னேன். டீச்சரோட வந்த சங்கத்துக்காரங்க பூஜை அன்னிக்கு ஓடறதைப் பாக்கலையாம். இன்னொரு நாள் வரேன்னு சொன்னாங்க. வந்தா என்ன பதில் சொல்றது?"

"தீபாவளிக்கு உன் தங்கச்சி வீட்டுக்காரர் வராரே."

ரம்பத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். கோடு கடற்கரைக் கிளைப் பாதையின் குறுக்கே போயிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தாள். "அவரு என்ன பெரிய கலெக்டரா?" என்றாள். "நாம சாப்பிடற மாதிரி சாப்பிடட்டும். அந்த ரம்பத்தைக் கொண்டுபோய் வெச்சுட்டு அழிரப்பர் எடுத்துட்டு வாங்க."

கோட்டை அவளே அழித்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொரு கன்ட்ரோலரும் இன்னொரு மோட்டாரும் வாங்கி வந்தேன். பத்திரிகை அட்டையில் இரண்டாவது டிராம் தயாராகிறது. பாதையை இரட்டிப்பாக்கி, மேஜையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கன்ட்ரோலர் வைத்தாயிற்று. ஒரே ஆள் இரண்டையும் ஓட்ட முடியாது.

"இது எதுக்கு ரெண்டாவது?" என்று கேட்டாள்.

"ஸ்பேர்" என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மாலையில் மெரினா போய் வந்தோம். கள ஆய்வு. மணலின் உண்மையான நிறம் தெரிந்தால்தான் ரவைக்குச் சரியாகச் சாயம் போட முடியும். பங்கஜம் மணலை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கால் நனைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கடலைப் பார்த்தாள். பச்சைப் புடவை கட்டியிருந்தாள். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சகலை புது வேட்டியில், சோபாவில், மடியில் தட்டு. சாம்பார் சரியாக அவர் வேட்டியின் கரை ஓரத்தில் இறங்கியது. "டேபிள் என்னாச்சுங்க அண்ணி?" என்றார்.

"அதுல டிராம் ஓடுது" என்றாள் பங்கஜம், அடுப்பில் பால் இருக்கிறது என்பதைப்போல.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்டினேன். சகலை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "இது எங்கயும் போகாதா? இங்கயே சுத்திட்டு இருக்குது" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "பீச்சுக்குப் போவுது. கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றாள். கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், ஸ்பேர் குமிழைத் திருப்பினாள். வளைவுக்கு முன்னால் சரியாக வேகத்தைக் கூட்டினாள். அவள் தங்கை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர்கள் பட்டாசு வெடிக்கக் கீழே போன பிறகு, கடற்கரைத் திருப்பத்தில் இரண்டு டிராமும் மோதிக்கொண்டன. குடைக்காரர் கடலில் விழுந்தார். நான் மணி அடித்துக்கொண்டுதான் வந்தேன். வழி விட வேண்டியது அவள். முன்னால் வந்தது தன் வண்டி என்கிறாள், கொஞ்சமும் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு வளர்ந்து, வந்த விருந்தாளிகளுக்கு ராத்திரி டிபன் தாமதமாயிற்று.

நாளை முதல் காலை நடை கிடையாது. காப்பி முடிந்ததும் முதல் வண்டி கிளம்புகிறது. நேரத்துக்கு வராவிட்டால் எனக்காக நிறுத்த முடியாது என்று சொல்லியிருக்கிறாள்.